மலிவாகக் கிடைத்த விறகு அடுப்பும் பாதியில் நின்ற லைனரும்

இங்கிலாந்தில் இருக்கிற நம் ஆட்களில் நிறைய பேர் இந்தக் குளிர்காலத்துக்கு விறகு அடுப்பு வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பீர்கள். வையுங்கள், நான் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் நான் வைத்த மாதிரி வைக்காதீர்கள்.

2022 அக்டோபரில் எரிவாயு, மின்சாரக் கட்டணம் ஏறிய ஏற்றம் எல்லோருக்கும் நினைவிருக்கும். நாங்கள் ஷெஃபீல்டில் 1930களில் கட்டிய பழைய வீட்டில் இருக்கிறோம், ஹாலில் ஒரு புகைபோக்கி வருடக்கணக்கில் சும்மா கிடந்தது. ஊரில் விறகில் சமைத்துச் சாப்பிட்டு வளர்ந்தவன் நான், விறகு எரிக்க எனக்குப் பாடமா எடுக்க வேண்டும் என்ற மிதப்பு வேறு. ஃபேஸ்புக்கில் எங்கள் பகுதிக் குழுவில் ஒருவர் விளம்பரம் போட்டிருந்தார். 8 கிலோவாட் அடுப்பு, லைனர் (புகைபோக்கிக்குள் மேல் வரை செருகுகிற உலோகக் குழாய்), கூலி எல்லாம் சேர்த்து 2,200 பவுண்டு, ரொக்கமாகத் தந்தால் 1,950. மற்ற இரண்டு இடங்களில் மூவாயிரத்துக்கு மேல் கேட்டார்கள், அதனால் இவரைப் பிடித்துக்கொண்டேன்.

ஆள் வீட்டை முன்கூட்டி வந்து பார்க்கவே இல்லை. ஹாலை வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பச் சொன்னார், அதோடு சரி. மற்ற இரண்டு பேரும் நேரில் வந்து, அறையை அளந்து, கூரை மேலே ஏற வேண்டும் என்றெல்லாம் சொன்னபோது இவர்கள் சும்மா பில்லை ஏற்றுகிறார்கள் என்று நினைத்தேன், என் புத்தி அப்படி. இவர் ஒரு சனிக்கிழமை காலை வந்தார், மதியம் சாப்பாட்டுக்கு முன்னால் கிளம்பிவிட்டார். விறகு அடுப்பு வைக்கிறவர்களைப் பதிவு செய்கிற அமைப்பான ஹெட்டாஸின் முத்திரை அவர் வேனில் ஒட்டியிருந்தது. சான்றிதழ் எங்கே என்று கேட்டதற்குத் தபாலில் வரும் என்றார். நானும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

முதல் வாரம் ஒரே கொண்டாட்டம். இரண்டாவது வாரம் கண்ணாடிக் கதவு கரிப்பிடித்துச் சட்டி அடி மாதிரி ஆகிவிட்டது. அறையோ சூடு தாங்க முடியவில்லை, ஆகவே காற்றுத் திறப்பை மூடி மூடித் தீயை அடக்கி வைத்தோம். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, துணியெல்லாம் புகை நாற்றம் அடிக்கிறது என்று ரொம்ப மரியாதையாகச் சொன்னார். அந்த மரியாதைதான் எனக்குக் கூசியது.

அந்தச் சமயம்தான் அம்மா திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தாள். விறகு மூட்டையிலிருந்து ஒரு கட்டையை எடுத்துக் கையில் தூக்கிப் பார்த்தாள், இன்னொன்றோடு தட்டிப் பார்த்தாள். "ஏல, இது பச்சை வெறகுல்லா, இதப் போயி காசு குடுத்தா வாங்குன?" காய்ந்த கட்டை இரண்டைத் தட்டினால் டக்கென்று கணீர் சத்தம் வரும், இது சொத்தென்று விழுந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. விற்றவர் இரண்டு வருடம் காயவைத்த விறகு என்று சொல்லித்தான் பெரிய பை ஒன்று 90 பவுண்டு என்று இரண்டு பை கொடுத்திருந்தார். இருந்தாலும் சந்தேகத்துக்கு ஈரம் பார்க்கிற மீட்டர் ஒன்று 15 பவுண்டுக்கு வாங்கி, கட்டையைப் புதிதாகப் பிளந்து உள்பக்கத்தில் குத்திப் பார்த்தேன். 34 சதவீதம். வெளிப்பக்கத்தில் குத்தினால் 18 தான் காட்டுகிறது, அதை நம்பிவிடாதீர்கள். எரிக்க 20க்குள் இருக்க வேண்டும். 2021 மே மாதத்திலிருந்து இங்கிலாந்தில் 2 கன மீட்டருக்குக் குறைவாக விறகு விற்றால் அது 20 சதவீதத்துக்குள் இருப்பதாகச் சான்று பெற்ற 'ரெடி டு பர்ன்' முத்திரையோடுதான் விற்க வேண்டும் என்பது சட்டம். நான் வாங்கிய பைகளில் முத்திரையும் இல்லை ஒன்றும் இல்லை. எரியும்போது கட்டை முனையில் நுரை தள்ளி உஸ்ஸென்று சத்தம் வந்ததை நான் ஏதோ அழகு என்று வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன்! விறகில் இருக்கிற தண்ணீரை ஆவியாக்கவே ஒரு பங்கு சூடு போகிறது, சரியாக எரியாத புகை தாராகப் புகைபோக்கியில் ஒட்டுகிறது.

சரி, விறகு போனால் போகட்டும். அடுத்தது கதையின் மோசமான பகுதி.

அம்மாவுக்கு நாலைந்து நாளாகத் தலைவலி, குமட்டல். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தோம். வெளியே கடைக்குப் போய் வந்தால் சரியாகிவிடும், வீட்டுக்குள் வந்தால் திரும்பப் பிடிக்கும். என் மனைவிக்குத்தான் பொறி தட்டியது, மறுநாளே கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு இருந்தால் கத்துகிற அலாரம் ஒன்று வாங்கி வந்து மாட்டினாள். அன்று இரவு, காலைவரை தணல் இருக்கட்டும் என்று நான் காற்றை மொத்தமாக மூடிவிட்டுப் படுத்தேன், 2 மணிக்கு அலாரம் அலறியது. ஜன்னல் கதவெல்லாம் திறந்துபோட்டு, அம்மாவைப் போர்வையோடு காரில் உட்கார வைத்து, அந்தக் குளிரில் நாங்கள் நின்ற நிலையை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. 2010 அக்டோபரிலிருந்து புதிதாக இப்படி அடுப்பு வைக்கிறவர் அந்த அலாரத்தையும் சேர்த்தே மாட்டியாக வேண்டும். 20 பவுண்டு சாமான், அதைக்கூட அந்த ஆள் மாட்டவில்லை.

மறுநாள் புகைபோக்கி சுத்தம் செய்கிறவரைக் கூப்பிட்டோம். பிரஷை மேலே ஏற்றினார், இரண்டு மீட்டர் போனதும் அது தொளதொளவென்று ஆடியது. கேமரா விட்டுப் பார்த்தால் லைனர் அங்கேயே நிற்கிறது. எட்டு மீட்டர் புகைபோக்கியில் இரண்டு மீட்டர் துண்டை மட்டும் செருகிவிட்டு முழுசுக்கும் காசு வாங்கியிருக்கிறார். அதற்கு மேலே பழைய செங்கல் சுவரில் ஈரத் தார் பளபளவென்று வழிந்துகொண்டிருந்தது, அது பற்றினால் புகைபோக்கியே தீப்பந்தம். அடுப்புக்கு மேலே வாயை அடைக்கிற தகட்டைச் சுற்றி விரல் நுழைகிற இடைவெளி. குழாய்க்கும் மர விட்டத்துக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. மறைப்பு இல்லாத ஒற்றைத் தகட்டுக் குழாய் என்றால் எரியக்கூடிய பொருளுக்கும் அதற்கும் குழாயின் விட்டத்தைப் போல மூன்று மடங்கு தூரம் வேண்டும், அதாவது 150 மில்லிமீட்டர் குழாய்க்கு 450. 5 கிலோவாட்டுக்கு மேல் போனால் சுவரில் மூடாத காற்றுத் துளையும் வேண்டும், அதுவும் கிடையாது.

கிலோவாட் கணக்கையும் சுத்தம் செய்ய வந்தவர்தான் விளக்கினார். அறையின் கன மீட்டரை 14ஆல் வகுத்தால் தேவையான கிலோவாட் தோராயமாகக் கிடைக்கும். எங்கள் ஹால் 41 கன மீட்டர், 3 கிலோவாட் போதும். எனக்கு விற்றது 8. பெரிசு வாங்கினால் லாபம் என்று நானும் பல்லை இளித்தேன். பெரிய அடுப்பை அடக்கி எரித்தால் விறகு சரியாக எரியாது, தாரும் நச்சு வாயுவும்தான் வரும். போதாததற்கு எங்கள் பகுதியில் புகைக்குக் கட்டுப்பாடு உண்டு, சுற்றுச்சூழல் துறையான டெஃப்ராவின் விலக்குப் பட்டியலில் உள்ள அடுப்பில்தான் விறகு எரிக்கலாம். என்னுடையது அதில் இல்லை, ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் கவுன்சிலுக்குப் போகாமல் வேலியோடு நின்றது என் அதிர்ஷ்டம்.

அப்புறம்தான் ஹெட்டாஸ் இணையதளத்தில் அடுப்பு வைத்த ஆளின் பெயரைத் தேடினேன். இல்லை. இரண்டு நிமிட வேலை, பணம் கொடுப்பதற்கு முன்னால் செய்திருக்கலாம். பதிவு பெற்றவர் வைத்தால் வேலை முடிந்து 30 நாளுக்குள் கவுன்சிலுக்குத் தகவல் போய்ச் சான்றிதழ் நம் கைக்கு வரும். பதிவு இல்லாதவரை வைத்துச் செய்தால் நாமே முன்கூட்டிக் கவுன்சிலின் கட்டட ஒழுங்குமுறைப் பிரிவில் சொல்லிச் சோதனைக்குக் கட்டணம் கட்ட வேண்டும். காகிதம் இல்லாவிட்டால் பொறுப்பு வீட்டுக்காரர் தலையில், வீட்டை விற்கும்போது வாங்குகிறவரின் வக்கீல் கேட்பார், தீப்பிடித்தால் காப்பீட்டுக்காரர் கேட்பார்.

பணம் திரும்பி வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. அலைபேசி அணைத்து வைக்கப்பட்டது, ஃபேஸ்புக் கணக்கு மறைந்தது, ரசீதில் இருந்த முகவரி வாடகைத் தபால் பெட்டி. இலவச ஆலோசனை அமைப்பான சிட்டிசன்ஸ் அட்வைஸின் நுகர்வோர் எண்ணில் சொல்லி, வியாபார மோசடியை விசாரிக்கிற டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்குத் தகவல் போயிருக்கிறது, அவ்வளவுதான். சிறு வழக்கு போடலாம் என்றால் நோட்டீஸ் அனுப்ப ஆள் இருக்கும் இடம் தெரிய வேண்டுமே! முன்பணத்தையாவது கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் 1974ஆம் வருட நுகர்வோர் கடன் சட்டத்தின் 75வது பிரிவில் வங்கியையே கேட்டிருக்கலாம். 250 பவுண்டு மிச்சம் பிடிக்கப் போய் அந்த வழியையும் நானே அடைத்துக்கொண்டேன்.

இப்போது இருப்பது 4 கிலோவாட் அடுப்பு, மேல் வரை முழு லைனர், எல்லாம் 3,100 பவுண்டு. வைத்தவர் புகை விட்டுச் சோதித்துக் காட்டினார், எங்கள் கண் முன்னால் அலாரம் மாட்டினார், மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் விவரத் தகடு ஒட்டினார். பெரிய கட்டை கீழே, சுள்ளி மேலே, தீ மேலிருந்து கீழே இறங்க வேண்டும் என்று எரிக்கிற விதத்தையும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். ஊரில் நாம் செய்வதற்கு நேர் தலைகீழ், ஆனால் புகை குறைவதைக் கண்ணால் பார்த்தேன். அடியில் ஒரு விரல் உயரம் சாம்பலை விட்டுவைக்கிறோம், வாரிய சாம்பலைத் தகர வாளியில் வெளியே வைக்கிறோம், அதற்குள் தணல் நாள்கணக்கில் உயிரோடு கிடக்கும். கதவு ஓரத்துக் கயிறு நைந்துவிட்டதா என்று பார்க்க ஒரு காகிதத் துண்டை வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள், சுலபமாக வந்தால் கயிறு மாற்ற வேண்டும். கண்ணாடிக்கு ஈரச் செய்தித்தாளில் சாம்பலைத் தொட்டுத் தேய்த்தால் போதும். வருடம் இரண்டு முறை புகைபோக்கி சுத்தம். இரவில் காற்றை மூடி வைப்பதே இல்லை.

ஷெஃபீல்டில் யாருக்காவது அந்த ஈர மீட்டர் வேண்டுமென்றால் கேளுங்கள், இரவல் தருகிறேன். பிளக்கிற கோடரியும் இருக்கிறது. அந்த இரண்டு பை விறகு இன்னும் கொட்டகையில்தான் காய்கிறது, போன வாரம் குத்திப் பார்த்தபோது 23.