வெள்ளச் சமவெளியில் நிலம் பார்ப்பவர்களுக்கு: குளோபல் சர்ஃபேஸ் வாட்டர் எக்ஸ்ப்ளோரர், ஒரு மதிப்பீடு

கடலிலிருந்து வெகு தொலைவில் ஆறு பரந்து ஓடும் சமவெளிகளில், எந்த நிலத்தில் பயிர் வைப்பது, எதை மேய்ச்சலுக்கு விடுவது, எங்கே வீடும் தானியக் கிடங்கும் கட்ட அனுமதிப்பது என்று முடிவெடுப்பவர்கள் முதலில் கேட்பது, தண்ணீர் இதுவரை எங்கே நின்றிருக்கிறது என்பதைத்தான். ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையம், கூகுளின் கணினி வசதியைப் பயன்படுத்தி 2016-இல் வெளியிட்ட இந்த இணைய வரைபடச் சேவை, அந்தக் கேள்விக்கு உலகின் பெரும்பகுதிக்கும் இலவசமாக ஒரு விடையைத் தருகிறது. விடை பயனுள்ளது, ஆனால் அதை எப்படிப் படிக்க வேண்டும் என்று தெரியாதவருக்கு ஆபத்தானதும்கூட.

லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் 1984 முதல் எடுத்த முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை அலசி, 30 மீட்டர் சதுரமான ஒவ்வொரு நிலத்துண்டிலும் எப்போதெல்லாம் நீர் தென்பட்டது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். முதல் வெளியீடு 2015 வரையிலான காலத்தைக் காட்டியது; பின்னர் அது 2021 வரை நீட்டிக்கப்பட்டது. பெரும்பாலானவர்கள் திறந்தவுடன் பார்ப்பது நீர் இருந்த விழுக்காட்டைக் காட்டும் அடுக்கைத்தான். என் கருத்தில் விவசாயிக்கு அதைவிட உதவுபவை வேறு இரண்டு. ஓராண்டில் எத்தனை மாதங்கள் நீர் தென்பட்டது என்பதை ஒன்று சொல்கிறது. ஆண்டுதோறும் நீர் திரும்பி வந்ததா, அல்லது எப்போதாவது மட்டும் வந்து போனதா என்பதை மற்றொன்று சொல்கிறது. ஏறக்குறைய எல்லா ஆண்டுகளிலும் நீர் திரும்பும் தாழ்ந்த பகுதியை நீண்ட காலப் பயிருக்கு ஒதுக்குவதில் பொருளில்லை என்பதும், பத்தாண்டுக்கு ஒருமுறை மட்டும் நனையும் மேட்டைப் பற்றி வேறுவிதமாகச் சிந்திக்கலாம் என்பதும் இவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது தெளிவாகும். கட்டடம், சாலை பற்றி முடிவெடுப்பவர்கள், ஒருமுறையேனும் நீர் தென்பட்ட இடங்கள் அனைத்தையும் காட்டும் அதிகபட்சப் பரப்பு அடுக்கிலிருந்து தொடங்குவது நல்லது.

ஒரு லேண்ட்சாட் செயற்கைக்கோள் ஒரே இடத்தின் மேல் திரும்பி வர 16 நாட்கள் ஆகின்றன. இரண்டு சேர்ந்து இயங்கினால் 8 நாட்கள். மலையடிவாரத்தில் சில மணி நேரத்தில் வந்து வடியும் வெள்ளம் இதில் பெரும்பாலும் சிக்காது. உள்நாட்டுச் சமவெளிகளின் வெள்ளமோ மெதுவானது. ஆஸ்திரேலியாவின் டார்லிங் போன்ற ஆறுகளில் அது வாரக்கணக்கில் நகர்கிறது. ஆகவே இந்தச் சேவை மற்ற நிலப்பரப்புகளைவிட இத்தகைய சமவெளிகளுக்கே அதிகம் பொருந்துகிறது. இருந்தாலும் மேகத்தின் கீழே என்ன நடக்கிறது என்பது இந்தப் படங்களுக்குத் தெரியாது. வெள்ளம் உச்சத்தில் இருக்கும் நாட்களில்தான் வானம் மூடியிருக்கும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அடர்ந்த மரங்களுக்கோ உயர்ந்த பயிருக்கோ அடியில் நிற்கும் நீரும் பதிவாகாது. இதற்கு நேர்மாறாக, நாற்று நட்ட புதிதில் நீர் கட்டிய நெல் வயல் பருவகால நீர்ப்பரப்பாகப் பதிவாகக்கூடும். பாசனத்தையும் வெள்ளத்தையும் பிரித்துச் சொல்ல வரைபடத்தால் இயலாது. அந்த வேலை நிலத்தை அறிந்தவருடையது.

இதைவிடப் பெரிய குறை, பதிவின் காலம் குறுகியது என்பது. 1984 முதல் 2021 வரை 38 ஆண்டுகள். எந்த ஓர் ஆண்டிலும் நூற்றில் ஒரு வாய்ப்புள்ள வெள்ளத்தையே, கட்டுமானங்களைத் திட்டமிடும்போது தாங்க வேண்டிய அளவாகப் பல நாடுகள் கொள்கின்றன. ஆண்டுகள் ஒன்றையொன்று சாராதவை என்று எடுத்துக்கொண்டால், அத்தகைய வெள்ளம் ஓர் இடத்தில் 38 ஆண்டுகளும் வராமலே போயிருக்க ஏறக்குறைய 68 விழுக்காடு வாய்ப்பு உண்டு. எனவே வரைபடத்தில் நீரின் அடையாளமே இல்லாத நிலத்தை வெள்ளம் தொடாத நிலம் என்று எவரேனும் விற்க முன்வந்தால், அதை ஏற்க வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவின் மர்ரே ஆற்றில் வந்த 1956-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் இந்தப் பதிவு தொடங்குவதற்கு முன்பே வந்து போனது. அதே ஆற்றுப் படுகையை 2022-இல் தாக்கிய வெள்ளம் பதிவு முடிந்த பின் வந்தது. இரண்டுக்கும் இங்கே இடமில்லை. பழைய வெள்ள மட்டக் குறிகளும் ஆற்று அளவுமானிகளின் ஏடுகளும் இன்றும் இன்றியமையாதவையாக இருப்பது இதனால்தான்.

நீரின் ஆழமும் வேகமும் இந்தச் சேவையில் கிடையாது. முழங்கால் அளவு தேங்கிய நீரும் கிடங்கை மூழ்கடித்த நீரும் ஒரே நிறத்தில்தான் தெரியும். மாதக் கணக்கும் பயிருக்குப் போதாது. வேர்களுக்குக் காற்றில்லாமல் பல பயிர்கள் சில நாட்களிலேயே அழுகத் தொடங்கிவிடும். மேலும், புதிய கரை, உயர்த்திய சாலை, மேல்பகுதியில் எழுந்த அணை ஆகியவை நீரின் போக்கை மாற்றியிருந்தால், அதற்கு முந்தைய ஆண்டுகளின் பதிவு இன்றைய நிலத்தைப் பற்றிப் பேசுவதில்லை. காலப்போக்கில் நீர் கூடிய இடத்தைப் பச்சையிலும் குறைந்த இடத்தைச் சிவப்பிலும் காட்டும் மாற்ற அடுக்கை இதற்காகவே தனியாகப் பார்க்க வேண்டும். பயன்படுத்துபவர்கள் இதை ஏனோ அதிகம் கவனிப்பதில்லை.

பயன்படுத்துவதில் சிரமம் குறைவு. வரைபடத்தை உலாவியிலேயே பெரிதாக்கிப் பார்க்கலாம். தரவைப் பதிவிறக்கி நிலப் பதிவேட்டு எல்லைகளின் மேல் பொருத்த விரும்புவோருக்கு அந்த வசதியும் உண்டு. 30 மீட்டர் என்பது சிறு நிலம் வைத்திருப்பவருக்குப் பருமனான அளவு. அதைவிடக் குறுகிய வாய்க்கால்களையும் பண்ணைக் குட்டைகளையும் இதில் தேட வேண்டாம். மேகத்தை ஊடுருவும் ரேடார் படம் தேவைப்படுவோர், சென்டினல்-1 என்ற ரேடார் செயற்கைக்கோள்களின் தரவைக் கொண்டு இயங்கும் கோப்பர்நிக்கஸ் உலக வெள்ளக் கண்காணிப்புச் சேவையையும் உடன் வைத்துப் பார்க்கலாம். நிலத்தை வாங்கும் முன் தேடிப் பார்க்கவும், ஊராட்சிக் கூட்டத்தில் பேச்சைத் தொடங்கவும் எக்ஸ்ப்ளோரரை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன்; கட்டட அனுமதிக்கு இதை மட்டுமே ஆதாரமாகக் காட்டும் கோப்பைத் திருப்பி அனுப்புவேன்.