பேஸ்மென்ற் தரையைக் கிளப்ப முதல் ரைல்ஸுக்குக் கீழே கிடக்கும் கறுப்புப் பசையிலும் அஸ்பெஸ்ரஸ் இருக்கிறதா என்று சோதியுங்கள்

கனடாவில், ரொறொன்ரோவின் ஸ்காபரோ பக்கம் பழைய வீடு வாங்கியவர்கள் ஒருக்கா வாசியுங்கள். எங்கள் வீடு 1958இல் கட்டியது. பேஸ்மென்றைத் திருத்தி வாடகைக்குக் கொடுக்கலாம் என்று, கலியாண வீடொன்றில் அறிமுகமான கொன்ராக்டரைப் பிடித்தேன். எங்கடை ஆள்தானே என்று பில் இல்லாமல் காசாகவே 4,000 டொலர் அட்வான்ஸ் கொடுத்தேன். முதல் பிழை அது.

பழைய ரைல்ஸில் அஸ்பெஸ்ரஸ் (தூசியாகி மூச்சோடு உள்ளே போனால் புற்றுநோய் தரும் நார்க் கனிமம்) இருக்கும் என்று கேள்விப்பட்டிருந்ததால் கேட்டேன். "அண்ணை, லாப்பிலை குடுத்துப் பாத்திட்டன், ஒண்டுமில்லை" என்று போனில் ரிப்போர்ட்டைக் காட்டினார். கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டு, சரி என்றேன்.

ரைல்ஸ் சுகமாகக் கழன்றுவிட்டது. கீழே தார் மாதிரிக் கறுப்புப் பசை, கொங்கிரீற்றோடு ஒட்டிப்போய்க் கிடந்தது. அடுத்த நாள் நான் வேலையால் வரும்போது இரண்டு பெடியன்கள் கிரைண்டர் பிடித்து அதை அரைத்துக்கொண்டிருந்தார்கள். முகத்தில் மெல்லிய நீல மாஸ்க். படியில் இறங்க இறங்க என் சப்பாத்தின் அச்சு தூசியில் பதிந்தது. அதைவிடக் கூத்து, வீட்டைச் சூடாக்கும் பேர்னஸ் ஓடிக்கொண்டிருந்தது! பேஸ்மென்ற் காற்றை இழுத்துப் படுக்கையறை வரைக்கும் ஊதுவது அதுதானே. போன கிழமை மாற்றிய பில்டரைக் கழற்றினால் கறுத்துப்போயிருந்தது.

அன்றிரவு ரிப்போர்ட்டை வாங்கி முழுவதும் வாசித்தேன். சோதித்தது ரைல்ஸை மட்டும். பசையை அனுப்பவே இல்லை. ரைல்ஸ் பிறகு யாரோ மாற்றியது, பசை வீடு கட்டிய காலத்தது. மிஞ்சியிருந்த மூலையில் தண்ணீர் தெளித்து, கொஞ்சம் சுரண்டி, சிப் பையில் போட்டு நானே லாப்பில் கொடுத்தேன். நூறு டொலருக்குள் முடிந்தது. கிறிசோரைல் என்ற அஸ்பெஸ்ரஸ் வகை 3 வீதம். ஒன்ராறியோவில் 0.5 வீதம் இருந்தாலே அஸ்பெஸ்ரஸ் பொருள்தான். மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா பில்டர் பூட்டாத மெசினால் அதை அரைப்பது அங்கே 'டைப் 3', ஆகக் கடுமையான கட்டுப்பாட்டில் அறையை மூடிக்கட்டிச் செய்யவேண்டிய வேலை.

கொன்ராக்டரைக் கூப்பிட்டுச் சொன்னால் சிரிக்கிறார். "ஊரிலை அஸ்பெஸ்ரஸ் சீற்றுக்குக் கீழைதானே படுத்தெழும்பினனாங்கள், என்ன நடந்தது?" சீற் கூரையில் முழுசாகக் கிடப்பதும், மாவாகி மூச்சோடு உள்ளே போவதும் ஒன்றா? இதனால் வரும் புற்றுநோய் முப்பது, நாற்பது வருசம் கழித்தும் தலைகாட்டும். அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டேன், அதோடு போன் எடுப்பதே இல்லை. பில்லும் இல்லை, எழுத்தில் ஒன்றும் இல்லை.

துப்புரவாக்க வந்த கம்பனிக்கு, பேர்னஸ் காற்று போகும் டக்ற் குழாய் எல்லாம் சேர்த்து 11,000 டொலர். பசையைத் தொடாமல் மேலே புதுத் தரை போட்டிருக்கலாமே என்று அவர்கள் சொன்னபோது வயிறு எரிந்தது.

கனடா அஸ்பெஸ்ரஸைத் தடை செய்ததே 2018 கடைசியில்தான். அதனால் பழைய வீடென்றால் ரைல்ஸில் ஒரு துண்டு, பசையில் ஒரு துண்டு என்று தனித்தனியாக, உங்கள் பெயரிலேயே லாப்பில் கொடுங்கள். தூசி ஏற்கெனவே பறந்துவிட்டால் பேர்னஸை நிறுத்துங்கள். கூட்டவேண்டாம், வீட்டு வக்கூமும் வேண்டாம். நான் ஒரு அறையை வக்கூம் பண்ணித் தூசியை இன்னும் கிளப்பிவிட்டேன்.

அந்த இரண்டு பெடியன்களுக்கும் ரிசல்ட்டைச் சொல்லவேண்டும். அவர்களின் நம்பர் கொன்ராக்டரிடம்தான் இருக்கிறது.