ஜாக்சன் ஹைட்ஸில் ஒரு வீடு: புதுப்பித்த கோ-ஆப், பழைய கோ-ஆப், காண்டோ

நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில், ஏழாம் எண் ரயில் தலைக்கு மேலே இரைந்து ஓடும் ரூஸ்வெல்ட் அவென்யூவிலிருந்து சில தெருக்கள் தள்ளி நடந்தால், ஜாக்சன் ஹைட்ஸின் பழைய செங்கல் அடுக்ககங்கள் தொடங்கிவிடுகின்றன. 74ஆம் தெருவில் நகைக்கடையும் இந்திய மளிகையும், அதையொட்டித் திபெத்திய மோமோ வண்டிகள், 82ஆம் தெருப் பக்கம் கொலம்பியர்களின் ரொட்டிக் கடைகள் என்று இருக்கும் பேட்டை இது. மன்ஹாட்டனுக்கு ஈ, எஃப் ரயில்கள் உண்டு. கணேசர் கோயில் இருக்கும் ஃபிளஷிங்கோ ஏழாம் எண் தடத்தின் கடைசி நிறுத்தம். இங்கே வாங்குவதற்கு வீடு தேடுபவர் முன் பெரும்பாலும் மூன்று வழிகள் வந்து நிற்கின்றன: புதுப்பித்து விற்பனைக்கு வந்திருக்கும் கோ-ஆப், அதே கட்டடத்தில் நாற்பது ஆண்டுகளாகக் கைபடாமல் கிடக்கும் கோ-ஆப், அருகில் புதிதாக எழுந்த, வீடு நேரடியாக நம் பெயருக்கே வரும் காண்டோ.

கோ-ஆப்பில் நாம் வாங்குவது சுவரையும் தரையையும் அல்ல, கட்டடத்தின் உடைமையாளரான நிறுவனத்தின் பங்குகளை. அந்தப் பங்குகளுக்கு ஈடாகக் குறிப்பிட்ட வீட்டில் குடியிருக்கும் குத்தகை உரிமை கிடைக்கிறது. மாதப் பராமரிப்புக் கட்டணத்தில் கட்டடத்தின் சொத்துவரி, வெப்பமூட்டும் செலவு, வெந்நீர், பணியாளர் சம்பளம், கட்டடத்தின் மீதே இருக்கும் கடனின் தவணை எல்லாம் அடங்கும். காண்டோவின் மாதக் கட்டணத்தைக் கோ-ஆப்பின் கட்டணத்தோடு அப்படியே வைத்து ஒப்பிட்டு, 'கோ-ஆப் விலை குறைவு, ஆனால் மாதச் செலவு கொள்ளை' என்று சலித்துக்கொள்பவர்கள், காண்டோக்காரர் சொத்துவரியைத் தனியாகக் கட்டுகிறார் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இந்தக் கோ-ஆப் ஏற்பாடு இப்பகுதிக்கு நேற்று வந்ததல்ல. குவீன்ஸ்போரோ கார்ப்பரேஷன் என்ற நிறுவனம் 1910களிலும் 1920களிலும் இங்கே கட்டிய தோட்ட அடுக்ககங்கள், நடுவில் முழு நீளத் தோட்டத்தை வைத்து அதைச் சுற்றி வீடுகளை அமைத்தவை. தெருவில் நிற்பவர் கண்ணுக்கு அந்தத் தோட்டம் தென்படாது. அன்று யூதர்களுக்கும் கறுப்பினத்தவர்க்கும் இங்கே வீடு கொடுப்பதில்லை. இன்று உலகின் பல மொழிகள் புழங்கும் இடமாக அது மாறியிருப்பதை நினைத்தால் எனக்குச் சற்று மகிழ்ச்சியாகவே இருக்கிறது. 1993இல் இதன் பெரும்பகுதி பாதுகாக்கப்பட்ட வரலாற்றுப் பகுதியாக அறிவிக்கப்பட்டதால், சன்னல் மாற்றுவதற்குக்கூட நகர அமைப்பின் அனுமதி வேண்டும்.

புதுப்பித்த வீட்டுக்கு வருவோம். நான் பார்க்கப்போன ஒன்றில் வெள்ளைக் கல் மேடையும், கைப்பிடி இல்லாத அலமாரிகளும், பளபளக்கும் தரையும் இருந்தன. கழுவுதொட்டிக்கு அடியில் இருந்த கதவைத் திறந்து கைபேசி வெளிச்சத்தை அடித்தேன். பழைய இரும்புக் குழாய்க்கு வெள்ளைச் சாயம் பூசி விட்டிருந்தார்கள், இணைப்பில் துரு பொரிந்து நின்றது. மின்பெட்டியும் பழையதே, சன்னல் ஏசி இரண்டும் மைக்ரோவேவும் ஒருசேர ஓடினால் தாங்குமா என்று கேட்டதற்கு முகவர் தோட்டத்தைக் காட்டினார். சமையலறைச் சுவரை இடித்துத் திறப்பாக்கியவர், பங்குதாரர்களின் நிர்வாகக் குழுவான கட்டட வாரியத்தோடு, வீட்டில் மாற்றம் செய்வதற்கான ஒப்பந்தம் போட்டாரா, நகரக் கட்டடத் துறையில் எடுத்த அனுமதி முறையாக முடித்துவைக்கப்பட்டதா என்பவைதான் முதலில் கேட்க வேண்டியவை. முடிக்காத அனுமதி பிறகு நம் தலையில் விடியும்.

கைபடாத வீட்டில் நிலைமை நேர்மையானது. எது பழுது என்பது கண்ணுக்குத் தெரிகிறது, விலையும் அதற்கேற்பக் குறைகிறது. ஆனால் நினைத்தபடி மாற்ற முடியாது: கீழ்வீட்டுப் படுக்கையறைக்கு மேலே குளியலறையை நகர்த்த வாரியங்கள் பொதுவாக விடுவதில்லை, வீட்டுக்குள் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் பல கட்டடங்களில் தடை உண்டு. வேலை நடக்கும் மாதங்களில் தங்கியிருக்கும் இடத்துக்கு வாடகையும் கட்ட வேண்டும், பராமரிப்புக் கட்டணமும் கட்ட வேண்டும். கையில் பணமும் பொறுமையும் இல்லாதவர் இந்தப் பக்கம் வராமல் இருப்பது நல்லது.

காண்டோவின் பலம் சுதந்திரம். வீடு நம் பெயரில் பத்திரமாகும். வாடகைக்கு விடுவது எளிது. வாரியத்தின் நேர்காணலுக்கு உட்கார வேண்டியதில்லை. கோ-ஆப் வாரியமோ வரிக் கணக்கு, வங்கிக் கணக்கு, வீடு வாங்கிய பிறகு மிச்சமிருக்கும் சேமிப்பு என்று துருவிப் பார்க்கும், 20 விழுக்காட்டுக்குக் குறையாமல் முன்பணம் கேட்பது வழக்கம். ஊரிலிருந்து அப்பா அனுப்பிய பணம் என்றால் அதற்கும் தாள் காட்ட வேண்டும். இவற்றுக்குப் பிறகும் காரணம் சொல்லாமல் மறுத்த கதைகள் ஏராளம். ஆனால் காண்டோவுக்குக் கடன் வாங்கினால் அடமானப் பதிவு வரி உண்டு: 5 லட்சம் டாலருக்குக் குறைந்த கடனுக்கு வாங்குபவர் பங்கு 1.8 விழுக்காடு, அதாவது 4 லட்சம் டாலர் கடனுக்குச் சுமார் 7,200 டாலர். கோ-ஆப் கடனுக்கு இந்த வரி இல்லை.

வேலை மாறினால் இரண்டு மூன்று ஆண்டுகளில் ஊரைவிட்டுப் போக வாய்ப்புள்ளவருக்குக் காண்டோவையே சொல்வேன். வாடகைக்கு விடத் தடையுள்ள கோ-ஆப்பில் மாட்டிக்கொண்டு அவசர விலைக்கு விற்றவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து, 34ஆம் அவென்யூவில் சைக்கிள் பழக்கிப் பல ஆண்டுகள் இருக்கப் போகிறவருக்குக் கோ-ஆப்தான், அதிலும் புதுப்பித்ததற்கும் கைபடாததற்கும் உள்ள விலை வித்தியாசம் புதுப்பிக்கும் செலவைவிட அதிகமாக இருந்தால் கைபடாத வீடுதான். எந்தக் கோ-ஆப் ஆனாலும், சமையல் மேடையைத் தடவிப் பார்க்கும் நேரத்தில் பாதியை நிறுவனத்தின் இரண்டு ஆண்டுக் கணக்கறிக்கைக்கும் வாரியக் கூட்டக் குறிப்புகளுக்கும் கொடுக்க வேண்டும். 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்களின் கரிம வெளியீட்டுக்கு 2024 முதல் நகரச் சட்டம் வரம்பு விதித்திருக்கிறது, 2030இல் அந்த வரம்பு இறுகுகிறது. அடித்தளத்தில் இருக்கும் பழைய கொதிகலனை மாற்றும் செலவுக்குக் கையிருப்பு இல்லாத கட்டடம், அதைச் சிறப்புக் கட்டணமாகப் பங்குதாரர்களிடமே வசூலிக்கும். நான் பார்த்த அந்த வெள்ளைச் சமையலறை வீட்டின் கூட்டக் குறிப்புகளில் 'கொதிகலன்' என்ற சொல் ஆறு கூட்டங்களில் வந்திருந்தது, ஒவ்வொரு முறையும் 'அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைப்பு' என்ற குறிப்போடு. நான் விலை பேசவே இல்லை.