130 செ.மீ. உயரம், அதுவும் ஒரே இடத்தில்

என் டெண்டுப் பையின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கிறது: 2 பேர், 210 × 150 × 130 செ.மீ., 2.4 கிலோ. இதில் நீளமும் அகலமும் உண்மை. எடையில் கொஞ்சம் கள்ளத்தனம் உண்டு; முளைக்குச்சி, கயிறு, பை மூன்றையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு நிறுத்தியிருக்கிறார்கள். எங்கள் தெரு மளிகைக் கடைத் தராசில் முழுசாக வைத்தால் 2.8 காட்டுகிறது. எல்லாக் கம்பெனியும் செய்வதுதான், போகட்டும். என் ஆத்திரமெல்லாம் அந்த 130 மேல்தான்.

130 பொய் என்று சொல்லவில்லை. டேப் பிடித்து அளந்தேன். ராடு இரண்டும் குறுக்கே சந்திக்கும் இடத்துக்கு நேர் கீழே சரியாக 130 வருகிறது. அந்த ஒரு இடத்தில் ஒரு ஆள் சம்மணம் போட்டு நிமிர்ந்து உட்காரலாம். ஆனால் பையில் எழுதியிருப்பது 2 பேர்.

கணக்காகவே பார்ப்போம். நான் உட்கார்ந்தால் தரையிலிருந்து உச்சந்தலை வரை 91 செ.மீ. கீழே காற்றடைத்த மெத்தை 6 செ.மீ. ஆக 97 வேண்டும். 130-ல் 97 போனால் 33 மிச்சம், தாராளம் என்றுதான் வாங்கும்போது யாருக்கும் தோன்றும். ஆனால் இரண்டு ராடு குறுக்காக வளைந்து நிற்கும் இந்த வகை டெண்டில் சுவர் தரையிலிருந்தே உள்பக்கம் சாய ஆரம்பித்துவிடும். ராடின் வளைவைப் பரவளையம் என்று வைத்துக்கொண்டால், முக்கால் உயரத்துக்குப் போகும்போது நீளமும் அகலமும் சரிபாதியாகிவிடுகின்றன. இரண்டும் பாதி என்றால் பரப்பு கால்தான். 130-ல் முக்கால் 97.5. அதாவது என் தலை இருக்கிற உயரத்தில் இந்த டெண்ட் 210 × 150 இல்லை, 105 × 75. நிஜ ராடு பரவளையத்தைவிடக் கொஞ்சம் புடைத்து நிற்கும்தான். ஆனால் இரண்டு ராடுக்கும் நடுவில் துணி உள்வாங்கி அந்த லாபத்தைத் தின்றுவிடுகிறது. பக்கத்தில் பக்கத்தில் படுத்த இரண்டு பேர் எழுந்து உட்கார்ந்தால் ஒவ்வொருவர் தலையும் நடுக்கோட்டிலிருந்து 37 செ.மீ. தள்ளி இருக்கும். சுவர் வந்து நிற்பதும் அங்கேயேதான்.

தைப்பூசத்துக்கு இதைச் சுமந்துகொண்டு நானும் மச்சானும் பழனிக்கு நடந்தோம். திருப்பூரிலிருந்து அவிநாசிபாளையம், குண்டடம், தாராபுரம் வழி. குண்டடம் தாண்டி ஒரு தோட்டத்தில் கேட்டுக்கொண்டு சோளத்தட்டுப் போர் ஓரமாக டெண்ட் அடித்தோம். நல்ல பனி. ஒரு ஆள் ராத்திரி முழுக்க மூச்சிலும் தோலிலும் ஒரு டம்ளர் தண்ணீருக்குக் குறையாமல் வெளியே விடுகிறார், இரண்டு பேருக்கு இரண்டு டம்ளர். மேல்துணி வெட்டவெளி வானத்தைப் பார்த்துக் குளிர்ந்து கிடக்கும். அந்த ஈரமெல்லாம் போய் அதன் உள்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். உள்ளே கொசுவலை, வெளியே மேல்துணி, நடுவில் நாலு விரல் இடைவெளி. சும்மா படுத்திருந்தால் ஒன்றும் தெரியாது. விடிகாலை 4 மணிக்குச் சட்டை மாட்ட எழுந்தால் தலை வலையைத் தள்ளும், வலை மேல்துணியில் ஒட்டும், ஒட்டிய இடத்திலிருந்து சொட்டு நேராகப் பிடரிக்குள் இறங்கும். "ஏ மாப்ளே, பழனியாண்டவருக்கு முன்னாடி நமக்கு அபிசேகம் ஆயிருச்சு போ" என்றார் மச்சான். அவர் ஆறடி. அவர் சட்டை போட்டது வெளியே வந்துதான்.

டெண்ட் விமர்சனம் என்று வருவதில் பாதிப் பேர் மழைக்கு ஒழுகுமா, எத்தனை நிமிடத்தில் அடிக்கலாம் என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். சரி, அதையும் சொல்லிவிடுகிறேன், நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. அந்த இரண்டிலும் இந்த டெண்ட் அருமை. ராடைத் துணிக்குள் நுழைத்துத் தள்ளும் பழைய முறை இல்லை. அதில் தள்ளும்போது பாதியில் மூட்டு கழன்று, உள்ளே எங்கே மாட்டியது என்று தடவிக்கொண்டிருக்க வேண்டும். இதில் ராடை முதலில் நிறுத்திவிட்டு உள்கூட்டைக் கொக்கிகளால் தொங்கவிட்டால் முடிந்தது. ஒரே ஆள் போதும். வால்பாறையில் நண்பர் வீட்டு வாசலில் விடிய விடிய மழையில் கிடந்தபோதுகூடத் தையல் வழியாக ஒரு சொட்டு வரவில்லை. மேல்துணிக்கு 2000 மி.மீ. என்று போட்டிருக்கிறார்கள். 2 மீட்டர் உயரத் தண்ணீரை நிறுத்தினாலும் தாங்கும் என்பது அதன் பொருள், நம்மூர் மழைக்கு அது போதும். துணி பாலியெஸ்டர் என்பதால் நனைந்தாலும் தொய்வதில்லை. நைலான் என்றால் நடு ராத்திரியில் எழுந்து கயிற்றை இழுத்துக் கட்ட வேண்டியிருக்கும். ஜிப் இன்றுவரை ஒரு தடவைகூடத் துணியைக் கடிக்கவில்லை. இதையெல்லாம் யோசித்துச் செய்தவருக்கு மனிதன் உட்காருவான் என்பது மட்டும் எப்படி நினைவுக்கு வராமல் போனது?

ராடு உடைந்திராவிட்டால் இப்படியே திட்டிக்கொண்டு காலத்தை ஓட்டியிருப்பேன். குடிமங்கலம் பக்கம் காற்றாலைகளுக்கு நடுவே உறவுக்காரர் தோட்டத்தில், ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கி.மீ. அகலமுள்ள திறப்பு. தென்மேற்குப் பருவக்காற்று அதற்குள் நெருக்கிக்கொண்டு புகுந்து உடுமலை, தாராபுரம் என்று இந்தப் பக்கத்தைப் போட்டுச் சாத்தும். அம்மியே பறக்கும் என்கிற மாதத்தில் இந்தக் கண்ணாடி இழை ராடு என்ன செய்யும்? பட்டென்று ஒரு சத்தம், மூங்கில் பிளந்ததுபோல நீளவாக்கில் பிளந்து மேல்துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. கையில் பிடித்தவுடன் உள்ளங்கை முழுக்கச் சிலாம்பு. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சோறு பிசையும்போது தெரியும். கம்பெனிக்குப் போன் செய்தால் ராடு தனியாக விற்பதில்லையாம், புது டெண்டுக்குத் தள்ளுபடி தருகிறார்களாம்.

கோவை கணபதியில் லேத் வைத்திருக்கும் அண்ணனிடம் போனேன். உடைந்த இடத்தில் எஸ்.எஸ். குழாய் ஏற்றிக் கொடுக்க அவருக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. "இது ஒட்டுத்தானுங்க, அடுத்த காத்துக்கு இதுக்குப் பக்கத்துல உடையும்" என்றும் சொன்னார். அலுமினியம் போடலாமா என்று கேட்டதற்கு, ஜன்னலுக்குப் போடும் குழாய் ஒன்றை எடுத்து முழங்காலில் வைத்து வளைத்தார். வளைந்தது வளைந்தபடியே நின்றது. "பாத்தீங்களா? டெண்டு ராடு வளைஞ்சு திரும்பி வரோணுமுங்க. இது வராது." ஜன்னல் குழாய் 6063 ரகம், டெண்டுக்கு வேண்டியது துத்தநாகம் கலந்த 7000 வரிசை அலுமினியம், அதன் பலமே வேறு. 8.5 மி.மீ. ராடு துண்டு துண்டாகத் தபாலில் வரவழைத்தேன். டெண்ட் விலையில் பாதி அதற்கே போனது. அண்ணன் அளவுக்கு வெட்டி, முனையைத் தேய்த்து, உள்ளே எலாஸ்டிக் கோத்துக் கொடுத்தார். ஒவ்வொன்றும் 3.8 மீட்டர். பழைய இரண்டும் சேர்ந்து 640 கிராம் இருந்தது, புதியவை 360.

280 கிராம் மிச்சமானதும்தான் அந்த யோசனை வந்தது. மிச்சப்பட்ட எடையில் கொஞ்சத்தை உயரத்துக்குச் செலவு செய்தால் என்ன? ராடுகள் சந்திக்கும் உச்சியில், அகலவாக்கில், 130 செ.மீ. நீளத்தில் இன்னொரு சின்ன ராடைக் கட்டினால், அதன் இரண்டு முனையும் பக்கச் சுவரை மேலேயும் வெளியேயும் தள்ளிப் பிடிக்கும். விலை கூடின டெண்டுகளில் இதை வைத்துத்தான் தருகிறார்கள். ஆனால் வெறுமனே ராடைத் திணித்தால் துணி பத்தாது. இரண்டு பக்கமும் சுவரைப் பிரித்து முக்கோணத் துண்டு சேர்க்க வேண்டும், உள்வலையிலும்தான்.

எங்கள் வீதியில் பவர் டேபிள், அதாவது மோட்டார் தையல் மெஷின், வைத்துத் தைக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். டெண்டை அவர் வாசலில் அடித்துக் காட்டினேன். சுற்றி வந்து, குனிந்து உள்ளே பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, இதுக்குள்ளயா ரெண்டாளு படுக்கறீங்க? எங்கூட்டு ஆட்டுக்குட்டிகூட உள்ள போகாதுங்க" என்றார்.

"அதுக்குத்தானுங்கக்கா வந்தேன்."

அவர் காகிதத்தில் எதையும் வரையவில்லை. ராடைக் கட்டி நிறுத்தச் சொல்லி, துணி இழுபடும் இடத்தில் சாக்பீஸால் இரண்டு கோடு போட்டார். அதைப் பிரித்து, வாய் திறந்த அளவுக்கு அகலமாக ஒரு துண்டு வைத்தார். மேல்துணிக்கு விண்ட்சீட்டர் தைத்து மிஞ்சிய பூச்சுத் துணி, நீல நிறம். வலைக்கு, கரூர்க் கொசுவலையிலிருந்து வெட்டிய துண்டு. ராடின் முனை உட்காரும் இடத்தில் நாடாவை மூன்று மடிப்பாக மடித்து ஒரு சின்னப் பை, தையலை நாலு தரம் முன்னும் பின்னும் ஓட்டினார். அந்தப் பையைப் பற்றி மட்டும் ஒரு பக்கம் எழுதலாம். முழு இழுவையும் அங்கேதான் விழுகிறது, இன்றுவரை ஒரு நூல் நகரவில்லை. தையல் ஓட்டைகளுக்கு நான் உள்பக்கமிருந்து சீம் டேப் வைத்து இஸ்திரி போட்டேன்.

பலன்? 97 செ.மீ. உயரத்தில் நடுவில் 75-ஆக இருந்த அகலம் இப்போது 118. எடை கூடியது 130 கிராம், மொத்தம் 2.65, வாங்கியபோது இருந்ததைவிடவும் குறைவு. ஆடியில் அந்தியூர் குருநாதசாமி திருவிழாவுக்குப் போயிருந்தோம். குதிரைச் சந்தை பார்த்துவிட்டு வந்து, வெளியே தூறல் போட, நானும் மச்சானும் எதிரெதிரே உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டோம். முதுகு நேராக. மச்சான் தலைக்கும் வலைக்கும் நடுவே கையை விட்டு ஆட்டிப் பார்த்தார், இடமிருந்தது. ஒரு டெண்டுக்குள் நிமிர்ந்து உட்கார்ந்து சட்னி தொட்டுக்கொள்வதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று நினைத்ததேயில்லை.

குறையும் இருக்கிறது. சுவர் நிமிர்ந்தால் காற்றுக்கு முகம் காட்டும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நாலு மடங்கு, அதை யாராலும் ஏமாற்ற முடியாது. இப்போது சின்ன ராடின் இரு முனையிலிருந்தும் கயிறு இழுத்துக் கட்டாமல் படுக்க முடிவதில்லை, இரண்டு முளைக்குச்சி கூட அடிக்க வேண்டும். இன்னும் நிறைய ராடு போட்டால் கயிறே வேண்டாம்தான். 1975-ல் அமெரிக்காவின் நார்த் ஃபேஸ் கம்பெனி, பக்மின்ஸ்டர் ஃபுல்லர் என்ற வடிவமைப்பாளரின் ஜியோடெசிக் குவிமாடத்தை, அதாவது முக்கோணங்களாகக் கோத்துக் கட்டும் குவிமாடத்தை, பார்த்து ஓவல் இன்டென்ஷன் என்ற டெண்டைக் கொண்டுவந்தது. ராடுகள் பல இடங்களில் ஒன்றையொன்று கடப்பதால் சுவரும் நிமிர்ந்து நிற்கும், காற்றுக்கும் அசையாது. பனிமலை ஏறுகிறவர்களுக்கு அது சரி. நமக்கு எதற்கு? ராடு கூடினால் எடை கூடும், இருட்டில் டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு எது எங்கே போகும் என்று தேட வேண்டும்.

என்னைக் கேட்டால், இந்த டெண்டின் உச்சியை 115-க்கு இறக்கிவிடலாம். 130-ல் யாரும் நிற்கப் போவதில்லை, உட்காருவதற்கு அந்த மேல் 15 செ.மீ. வெறும் அலங்காரம். அங்கே மிச்சமாகும் துணியையும் ராடையும் தோள் பக்கம் கொண்டுவந்தால் அதே எடையில் இரண்டு பேர் மனிதர்களாக உட்காரலாம். ஆனால் பையில் 115 என்று அச்சடித்தால் பக்கத்தில் 130 போட்ட டெண்ட்தான் விற்கும். அதனால் செய்ய மாட்டார்கள்.

போன வாரம் அதே டெண்ட் விலை நன்றாக இறங்கியிருப்பதாகப் பங்காளி வீட்டுத் தம்பி ஒருவன் படம் அனுப்பியிருந்தான். "அண்ணா, எடுக்கலாங்களா? நீங்க இதைத்தானே வெச்சிருக்கறீங்க?" வேண்டாம் என்றேன். ராடு, துணி, தையல்கூலி எல்லாம் சேர்த்தால் தள்ளுபடி போன இடம் தெரியாது. அந்தக் காசுக்கு முதலிலேயே மூன்று ராடு வைத்த டெண்ட் கிடைக்கும். தனியாகப் போகிறவன் என்றால் தாராளமாக வாங்கலாம், நடுவில் படுத்துக்கொள்ளலாம். அவனுக்கு இந்த மாதம்தான் நிச்சயதார்த்தம்.

"அப்ப உங்களுத குடுத்துருங்ணா, பழசுதானே" என்றான். அது விற்பனைக்கு இல்லை.