வெள்ளவத்தையில் பழைய உடுப்புகளை உட்பக்கம் பிரட்டிப் பார்க்கும் ஒரு கடை

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில், ஒரு வீட்டின் முன்னறையில் நடக்கும் இந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. நடத்துகிறவர் தம் பெயரையும் வீட்டிலக்கத்தையும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், நான் அவரை அழைப்பதுபோல இங்கும் அக்கா என்றே குறிப்பிடுகிறேன். அந்தப் பகுதித் தையற்காரர்களிடம் "பழைய வெளிநாட்டு உடுப்புப் பார்க்கிற அக்கா" என்று விசாரித்தால் வழி சொல்வார்கள். எனக்கும் அப்படித்தான் வழி கிடைத்தது. பழைய டிசைனர் உடுப்புகளை அவர் விற்கிறார். அதைவிட முக்கியமாக, நாம் கொண்டுபோகும் உடுப்பு உண்மையில் அந்த நிறுவனத்தினுடையதா, எந்தக் காலத்தில் தைக்கப்பட்டது என்று பார்த்துச் சொல்கிறார். இந்த இரண்டாவது சேவையைப் பற்றித்தான் விரிவாக எழுத விரும்புகிறேன், ஏனென்றால் கொழும்பில் இதை இவ்வளவு பொறுப்புடன் செய்கிற வேறு ஒருவரை நான் சந்தித்ததில்லை.

அக்கா இரத்மலானையில் ஓர் ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் 22 வருடங்கள் வேலை செய்தவர். 1977-இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகு வளர்ந்த அந்தத் தொழிலில் ஆயிரக்கணக்கான பெண்கள் உலகின் பெரிய பிராண்டுகளுக்காகத் தைத்தும், தைத்ததைச் சரிபார்த்தும் வந்திருக்கிறார்கள். ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல், மூட்டில் எவ்வளவு துணி விட வேண்டும், கோடு போட்ட துணியில் கோடுகள் எந்த இடத்தில் சேர வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குக் கண்ணாலேயே அளக்கத் தெரியும். அந்த அறிவை ஓய்வுபெற்ற பிறகு பழைய உடுப்புகளின் பக்கம் திருப்பியிருப்பதுதான் இவரது தனித்துவம்.

நான் இரண்டு உடுப்புகளைக் கொண்டுபோனேன். ஒன்று, லண்டனில் நெடுங்காலம் வாழ்ந்து காலமான என் பெரியம்மாவின் ட்ரெஞ்ச் கோட், அதாவது பர்பரி என்ற பிரித்தானிய நிறுவனத்தின், இடுப்புப்பட்டி வைத்த நீண்ட மழைக்கோட். மற்றது, சில மாதங்களுக்கு முன்பு ஒன்லைனில் விற்கும் ஒருவரிடம் 38,000 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய, "1960-களின் தொடக்கத்தில் பாரிஸில் தைத்த ஷனெல்" என்று சொல்லப்பட்ட குட்டை ஜாக்கெட். ஷனெல் ஒரு பிரெஞ்சு ஆடை நிறுவனம்.

கோட்டை மேசையில் வைத்ததும் நான் கழுத்துப் பக்கத்து லேபலைக் காட்டப் போனேன். "லேபலைப் பிறகு பாப்பம், தங்கச்சி. முதல்ல உட்பக்கம் பிரட்டுங்கோ" என்றார். பிரட்டியதும் ஜன்னல் வெளிச்சத்தின் கீழ் அதை விரித்து, நடுமுதுகு மூட்டிலிருந்து தொடங்கினார். உள்துணியின் கட்டங்கள் மூட்டின் இரு பக்கமும் ஒரே மட்டத்தில் சந்திக்கின்றனவா என்று விரல் நுனியால் மேலிருந்து கீழ்வரை தடவிக்கொண்டு போனார். பிறகு ஒரு சிறிய அடிமட்டத்தை வைத்து, முன்பக்க ஓரத்தில் மூன்று இடங்களில் தையல்களை எண்ணினார். மூன்று இடத்திலும் எண்ணிக்கை ஒன்றாக இருந்தது. இடுப்புப்பட்டியில் கோத்திருந்த ஆங்கில டி எழுத்து வடிவ வளையங்களை உரசிப் பார்த்தார். பொத்தான்களை, யாழ்ப்பாணத்து வழக்கில் அவர் தெறி என்றே சொன்னார், ஒவ்வொன்றாகத் தூக்கி, அடியில் நூல் சுற்றித் தண்டு விட்டிருக்கிறதா என்று பார்த்தார். தடித்த துணியில் பொத்தான் படுத்துப் போகாமலிருக்க அந்தத் தண்டு அவசியம். மலிவாகத் தைக்கிறவர்கள் அதைத் தவிர்த்துவிடுவார்கள் என்றார்.

லேபலுக்கு அவர் கடைசியாகத்தான் வந்தார். அதையும் வாசிப்பதற்கு முன்பு, உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாக அதன் ஓரத்தைப் பார்த்தார். ஒரு ஊசியால் லேபலின் மூலையை மயிரிழை அளவு தூக்கி, அடியில் துணியிலுள்ள துளைகளைக் காட்டினார். ஒரே வரிசைத் துளைகள்தான் இருந்தன. லேபலுக்குக் கீழே மறைந்திருந்த துணி மற்ற இடங்களைவிடச் சற்று அடர்ந்த நிறத்தில், வெளிச்சம் படாமல் இருந்தது. வேறோர் உடுப்பிலிருந்து வெட்டியெடுத்துத் தைத்த லேபலென்றால் பழைய துளைகளும் புதிய துளைகளும் ஒன்றோடொன்று பொருந்தாமல் நிற்கும், அல்லது லேபலுக்குக் கீழே நிற வேறுபாடே இராது. மேற்கில் உண்மையான பழைய லேபல்களைத் தனியே விற்கிற சந்தையே இருக்கிறது என்பதால், லேபல் உண்மையானது என்பதும் உடுப்பு உண்மையானது என்பதும் இரு வேறு கேள்விகள். இதை எனக்கு இவ்வளவு கிட்டத்தில் காட்டியவர் வேறெவருமில்லை.

அதற்குப் பிறகுதான் எழுத்தைப் பார்த்தார். லேபலில் "பர்பரிஸ்" என்று, கடைசியில் ஓர் எஸ் எழுத்தோடு நெய்யப்பட்டிருந்தது. தோமஸ் பர்பரி 1879-இல் கபடீன் என்ற, மழைநீர் எளிதில் ஊறாத நெருக்கமான நெசவுத் துணியை உருவாக்கிய காலம் முதல் நீண்ட வரலாறு கொண்ட அந்த நிறுவனம், 1999-இல்தான் அந்த எஸ் எழுத்தை விட்டுவிட்டுப் பர்பரி என்ற பெயருக்கு மாறியது. ஆகவே அந்த எழுத்து இருப்பது கோட் அதற்கு முந்தியது என்பதற்கு ஆதரவான சான்று. ஆனால் போலி செய்கிறவனுக்கும் இது தெரியும் என்பதால், அது மட்டும் போதாது என்று அக்கா அழுத்திச் சொன்னார். மூட்டு, தையல், துளைகள், எழுத்து எல்லாம் ஒரே கதையைச் சொன்ன பிறகே அவர் "இது சரியான சாமான்" என்றார்.

ஜாக்கெட்டுக்கு அவ்வளவு நேரம் தேவைப்படவில்லை. ஷனெல் ஜாக்கெட்டின் கீழ் விளிம்புக்குள் ஒரு சங்கிலி ஓடும். உடுப்பு நேராகத் தொங்குவதற்கான பாரம் அது. என் ஜாக்கெட்டிலும் சங்கிலி இருந்ததைத்தான் நான் பெரிய அத்தாட்சியாக எண்ணியிருந்தேன். அக்கா அதைக் கையில் ஏந்திப் பார்த்தார். அதில் பாரமே இல்லை, இரண்டு அங்குலத்துக்கு ஒரு தையலாக நீண்ட நூலால் பிடிக்கப்பட்டிருந்தது. உள்துணி பை போலத் தனியாகத் தொங்கியது. உண்மையான ஜாக்கெட்டில் பட்டு உள்துணியை வெளித்துணியோடு சேர்த்து வரிவரியாகத் தைத்திருப்பார்கள். அதனால்தான் அந்த உடுப்பு தோளில் மென்மையாகப் படிகிறது. பிறகு இடப் பக்க மூட்டுக்குள் விரலை விட்டு, வெட்டப்பட்ட ஒரு நாடாவின் மிச்சத்தை வெளியே இழுத்தார். சலவைக் குறிப்பு லேபலை யாரோ கத்தரித்திருந்தார்கள். ஓரத்தில், தண்ணீரில் தோய்ப்பதைக் குறிக்கும் தொட்டிச் சின்னத்தின் பாதி தெரிந்தது. சலவைச் சின்னங்களை நிர்வகிக்கும் சர்வதேச அமைப்பு பாரிஸில் 1963-இல்தான் உருவானது. அமெரிக்காவில் பராமரிப்பு லேபல் சட்டப்படி கட்டாயமானது 1972-இல். 1960-களின் தொடக்கத்தில் பாரிஸில் தைத்த உடுப்பு என்று விற்றதில் அந்தச் சின்னம் இருக்க நியாயமில்லை. இறுதியாக, என் அனுமதியோடு உள்துணியிலிருந்து ஓர் இழையை எடுத்துச் சிறு விளக்கில் காட்டினார். பட்டென்றால் மயிர் கருகும் மணம் வந்து, விரலால் நசுக்கினால் பொடியாகும் சாம்பல் மிஞ்சும். இது சுருண்டு உருகி, கடினமான கரிய மணியாக நின்றது. பொலியெஸ்டர். விற்றவர் இன்றுவரை பணத்தைத் திருப்பித் தரவில்லை. இதே போன்ற விளம்பரங்களைப் பார்த்துத் திருமண வரவேற்புகளுக்கு உடுப்பு வாங்குகிறவர்கள் எங்கள் வட்டத்திலேயே பலர் இருக்கிறார்கள் என்பதால்தான் இதை இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

கடையில் விற்பனைக்கு உள்ளவை ஏறக்குறைய அறுபது உடுப்புகள். புலம்பெயர்ந்த குடும்பங்கள் கொண்டுவந்து விட்டுச் சென்றவையும், கொழும்பு 7-இல் பழைய வீடுகளைக் காலி செய்தபோது வந்தவையும் அவற்றில் அதிகம். பின்பக்கப் பையின் ஓரத்தில் சிவப்புத் துணுக்கு வைத்த, லீவைஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஜீன்ஸ் காற்சட்டைகள் இரண்டு இருந்தன. அந்தத் துணுக்கில் நிறுவனப் பெயரின் ஆங்கில ஈ (E) எழுத்து 1971 வரை பெரிய எழுத்தாகவும் அதன் பிறகு சிறிய எழுத்தாகவும் வரும் என்பது பலருக்குத் தெரிந்த அடையாளம். ஆனால் நிறுவனமே தன் பழைய மாதிரிகளை மறுபடி தயாரித்துப் பெரிய ஈ எழுத்தோடு விற்பதால், அக்கா இரண்டில் ஒன்றைப் "பிற்கால மறுபதிப்பு" என்று விலைச் சீட்டிலேயே எழுதியிருந்தார். அந்த ஒரு சீட்டுக்காகவே இந்தக் கடையை நம்பலாம் என்று எனக்குத் தோன்றியது. பிரெஞ்சு டிசைனர் இவ் சென் லோரன் 1966-இல் பாரிஸின் தூர்னோன் வீதியில் தொடங்கிய ரிவ் கோஷ் ஆயத்த ஆடைப் பிரிவின் பிளவுஸ் ஒன்றும் இருந்தது; அதை வாடிக்கையாளருக்கென்று அளவெடுத்துத் தைத்த உயர்தர உடுப்போடு குழப்பிவிடாதபடி தெளிவாக விளக்கினார்.

என்னை அதிகம் தொட்டது விலை குறைந்த ஓர் அமெரிக்கக் கவுன். அதன் பக்க மூட்டில் சிவப்பு, வெள்ளை, நீலம் ஆகிய நிறங்களில் ஒரு சிறிய நாடா இருந்தது. 1900-இல் நியூயோர்க்கில் அமைக்கப்பட்ட பெண்கள் ஆடைத் தொழிலாளர் சங்கத்தின் முத்திரை அது. தங்கள் உறுப்பினர்கள் தைத்த உடுப்பு என்பதற்கு அடையாளமாகச் சங்கம் அதைத் தைக்கச் செய்தது. மூவண்ண வடிவம் 1974-இல் வந்தது. சங்கம் 1995-இல் இன்னொரு சங்கத்தோடு இணைந்தது. ஆகவே டிசைனரின் பெயரே தெரியாத உடுப்பைக்கூட அந்த நாடா ஏறக்குறைய இருபது வருட எல்லைக்குள் நிறுத்திவிடுகிறது. "நாங்கள் தைச்சதில எங்கட அடையாளம் ஒண்டும் இருக்காது" என்று சொல்லி, அக்கா அந்த நாடாவைப் பெருவிரலால் நீவி நேராக்கி வைத்தார்.

உள்நாட்டு உடுப்புகளிலும் அவருக்கு நல்ல தேர்ச்சி இருக்கிறது. 1960-களில் எனா த சில்வா போன்றவர்கள் பத்திக் கலைக்குப் புத்துயிர் கொடுத்த காலத்தைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் சேலைகளும் சட்டைகளும் இப்போது நல்ல விலைக்குப் போகின்றன. மெழுகிட்டுச் சாயம் தோய்த்த துணியில் நிறம் இரு பக்கமும் ஊறியிருக்கும். அச்சடித்த போலியின் மறுபக்கம் வெளிறியிருக்கும். லேபலில் "சிலோன்" என்றிருந்தால், நாட்டின் பெயர் மாறிய 1972 மே மாதத்துக்கு முந்தியதாக இருக்கலாம் என்று ஆரம்பிக்கலாம். ஆனால் வியாபாரத்தில் அந்தப் பெயர் பின்னரும் ஓய்ந்துவிடவில்லை என்பதால் அங்கேயே முடித்துவிட முடியாது.

குறைகளையும் சொல்ல வேண்டும். அறையில் குளிரூட்டி இல்லை. கடற்காற்றின் ஈரம் உலோக சிப்புகளில் பச்சை பூக்கச் செய்கிறது. ரெக்சின் பூச்சுள்ள இரண்டு ஜாக்கெட்டுகள் பிசுபிசுத்து உரியத் தொடங்கியிருந்தன, அவற்றை விற்பனையிலிருந்து எடுத்திருக்க வேண்டும். பூச்சி உருண்டையின் நெடி வீட்டுக்கு வந்தும் இரண்டு நாள் போகவில்லை. அணிந்து பார்க்கத் திரை மறைவு மட்டுமே உண்டு. பர்பரி கோட்டுகளுக்கு அவர் கேட்கும் விலை, இந்த வெயிலில் அவற்றை அணிய வழியில்லாத ஊருக்கு மிக அதிகம் என்பது என் கருத்து. எழுதித் தரும் சான்றுக் குறிப்பில் புகைப்படம் இணைப்பதில்லை; பின்னொரு நாளில் அதே உடுப்புத்தான் என்று நிரூபிக்க அது உதவாது. பார்த்துச் சொல்பவரே விற்பவராகவும் இருப்பது எனக்கு முதலில் உறுத்தியது. கேட்டபோது, தாம் பரிசோதித்த உடுப்பைத் தாமே வாங்குவதில்லை என்றார். அந்த விதியைச் சுவரில் எழுதி ஒட்டினால் இன்னும் நல்லது.

ஓர் உடுப்பைப் பார்க்க 1,500 ரூபாய், எழுத்தில் குறிப்பு வேண்டுமென்றால் 2,500 ரூபாய். முடிவு சொல்ல முடியாவிட்டால் பணம் வாங்குவதில்லை. எனக்கு முன்னால் வந்த ஒருவருக்கு "இதை என்னால சொல்லேலாது" என்று சொல்லிப் பையைத் திருப்பிக் கொடுத்ததை நேரில் பார்த்தேன். வார நாட்களில் மாலை 4 மணி முதல் 7 மணி வரை திறந்திருக்கும், வெள்ளிக்கிழமை விடுமுறை. பகல் வெளிச்சம் இருக்கும்போதே போவது நல்லது.

பெரியம்மாவின் கோட்டுக்கு அவர் எழுதித் தந்த குறிப்பு நான்கு வரி. கடைசி வரியில், இரு கைகளின் நுனியும் பிற்காலத்தில் வீட்டில் கையால் மடித்துத் தைக்கப்பட்டிருப்பதாகவும், விற்பதானால் அதனால் விலை குறையும் என்றும், விரும்பினால் தையலைப் பிரித்துப் பழைய நீளத்துக்குக் கொண்டுவரலாம் என்றும் எழுதியிருந்தார். பெரியம்மா குள்ளமானவர், எங்கள் பள்ளிச் சீருடைகளின் விளிம்பையும் இதே நெருக்கமான சாய்வுத் தையலால்தான் மடித்துத் தருவார். பிரிக்க வேண்டாம் என்று சொல்லிக் கோட்டை வாங்கிக்கொண்டு வந்தேன்.