பார்மேட் அடிப்பதா, மூடியைக் கழற்றிப் பார்ப்பதா?

சோமனூரில் எங்கள் மாமா வீட்டுக் கம்ப்யூட்டரை ஆறு மாதத்தில் மூன்று முறை பார்மேட் அடித்துவிட்டார்கள், அதாவது டிஸ்க்கை அழித்து விண்டோஸைப் புதிதாக ஏற்றிவிட்டார்கள். வீட்டை ஒட்டியே தறிக்குடோன். பாவுக் கணக்கு, நூல் வரவு, ஆட்களின் கூலி எல்லாம் அதில்தான். வேலை நடந்துகொண்டே இருக்கும்போது பட்டென்று அணைந்துவிடும். கடைக்குத் தூக்கிப்போனால் அங்கே நாள் முழுக்க ஓடும். விண்டோஸ் கெட்டுப்போச்சு என்று பார்மேட் அடித்துக் கொடுப்பார்கள். வீட்டுக்கு வந்து நாலு நாள் நன்றாக இருக்கும், அஞ்சாம் நாள் மறுபடியும் அணையும். முதல் தடவை அடித்ததில் பாப்பாவின் காதுகுத்து போட்டோ மொத்தமும் போய்விட்டது. அத்தைக்கு அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

நாலாவது தடவை மாமா போன் செய்தார். "மாப்ள, மறுக்காவும் பார்மேட் அடிச்சுப் போடலாமா?"

"வேண்டாங்க மாமா. ஞாயித்துக்கிழமை நான் வர்றேன், மூடியக் கழட்டிப் பாத்துப்போடலாமுங்க" என்றேன்.

அடிக்கடி அணையும் கம்ப்யூட்டருக்கு நம் ஊரில் சொல்லப்படும் வைத்தியங்கள் நாலைந்துதான்: பார்மேட், ரேமை (மெமரித் தகடு) எடுத்துத் தேய்ப்பது, எஸ்.எம்.பி.எஸ். (உள்ளே இருக்கும் பவர் சப்ளை டப்பா) மாற்றுவது, தூசி தட்டுவது, கடைசியாகப் புதிது வாங்குவது. எல்லாமே ஏதோ ஒரு நோய்க்குச் சரியான மருந்துதான். எந்த மருந்தை முதலில் கொடுப்பது என்பதில்தான் பணமும் போட்டோவும் போகிறது.

பார்மேட்டையும் மூடி கழற்றுவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பார்மேட்டுக்கு அரை நாள் போகும், கடைக் கூலி போகும், எடுத்து வைக்காதது எல்லாம் போகும். அப்புறம் பிரின்டர், தமிழ் கீபோர்டு, கணக்கு சாப்ட்வேர் என்று ஒவ்வொன்றாகத் திரும்ப ஏற்ற வேண்டும். இத்தனைக்கும் சாப்ட்வேர் கோளாறு மட்டுமே அதில் தீரும். மூடி கழற்றுவதற்கு ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு புது பெயின்ட் பிரஷ், அரை மணி நேரம் போதும். நம் கணிப்பு தப்பாகவே இருந்தாலும் ஒரு பைலும் அழியாது. அதனால் என் ஓட்டு எப்போதும் மூடிக்குத்தான்.

ஆனால் இரண்டுக்கும் முன்னால், அது எப்படி அணைகிறது என்று இரண்டு நாள் கவனித்துப் பாருங்கள். அணைந்த நொடியே தானாக எழுந்தால் முதல் சந்தேகம் கரண்ட் மேல். அணைந்து அப்படியே கிடந்து, பட்டனை அழுத்தினால் எழுந்து இரண்டு நிமிடத்தில் மறுபடி அணைந்து, கால் மணி நேரம் ஆறவிட்டால் ஓடினால் சூடு. நீலத்திரை (விண்டோஸ் திணறி நிற்கும்போது வரும் நீலநிறப் பிழைத் திரை) வந்தால் ரேம் அல்லது டிரைவர் (பிரின்டர் மாதிரி பாகங்களை ஓட்டும் சாப்ட்வேர்). அணையாமல் அப்படியே உறைந்து, ஹார்டு டிஸ்க் விளக்கு மட்டும் விடாமல் எரிந்தால் டிஸ்க்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நீலத்திரை வந்ததும் தானாக ரீஸ்டார்ட் ஆகும்படிதான் விண்டோஸ் அமைப்பே இருக்கிறது. கண் சிமிட்டுவதற்குள் போய்விடுவதால் கரண்ட் கோளாறு என்று நினைத்துவிடுவோம். அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ் போய், ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரியில் ‘ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்’ டிக்கை எடுத்துவிட்டால் திரை நின்று நிதானமாகக் காட்டும்.

மாமா வீட்டில் நடந்தது இரண்டாவது வகை, சூடு. பக்க மூடியைக் கழற்றினோம். பிராசசர் மேல் இருக்கும் விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. விசிறியை எடுத்தால் அடியில் அலுமினியத் தகடுகளே தெரியவில்லை. தறிக்குடோனிலிருந்து வந்த பஞ்சுத் தூசி அந்தத் தகடுகள் மேல் படிந்து படிந்து சாம்பல் நிறக் கம்பளித் துண்டு மாதிரி ஆகியிருந்தது. நகத்தால் ஒரு ஓரத்தைக் கிளப்பினால் முழுசாக உரிந்து வந்தது. பயாஸில் (விண்டோஸ் எழுவதற்கு முன் திறக்கும் அமைப்புத் திரை) முன்பு பார்த்தபோது, ஒரு வேலையும் இல்லாமலே 88 டிகிரி. துடைத்து, பிராசசரின் சூட்டைத் தகடுகளுக்குக் கடத்தும், காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை எடுத்துவிட்டுப் பட்டாணி அளவு புதிதாக வைத்து மூடியதும் 52. நிறைய பிராசசர்களுக்கு 100 டிகிரிதான் எல்லை. அதை நெருங்கினால் முதலில் வேகத்தைக் குறைத்துப் பார்க்கும், அப்புறமும் அடங்காவிட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும்.

கடையில் ஏன் நன்றாக ஓடியது என்பதும் அப்போதுதான் புரிந்தது. கடையில் ஏசி. பார்மேட் அடித்த மெஷினில் வேலையும் இல்லை. வீட்டுக்கு வந்து கணக்கும் பிரௌசரும் ஏற ஏறத்தான் சூடும் ஏறியிருக்கிறது. கடையில் ஓடி வீட்டில் அணைந்தால், விண்டோஸை விட்டுவிட்டு வீட்டைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். சோமனூர், பல்லடம், அவிநாசி பக்கம் தறி ஓடும் வீடுகளில் இதை இன்னும் அழுத்திச் சொல்வேன்.

தூசி எடுப்பதிலும் இரண்டு வழி உண்டு. ஒர்க்‌ஷாப் கம்ப்ரசர் ஒரே ஊதில் எல்லாவற்றையும் கிளப்பிவிடும். ஆனால் அந்தக் காற்றோடு தண்ணீர் கலந்து வரும், விசிறியும் அளவுக்கு மீறிச் சுற்றிக் கெட்டுப்போகும். பிரஷ்ஷும் சின்ன ஊதுகருவியும் மெதுவான வேலை, ஆனால் பயமில்லை. எதில் ஊதினாலும் விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். எஸ்.எம்.பி.எஸ். டப்பாவை மட்டும் பிரிக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெபாசிட்டரில் மின்சாரம் நிற்கும்.

கரண்ட் வகை எங்கள் வீட்டிலேயே நடந்தது. இன்வெர்ட்டர் இருந்தும், கரண்ட் போகும்போதெல்லாம் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆனது. எஸ்.எம்.பி.எஸ். மாற்றச் சொன்னார்கள். இன்வெர்ட்டரின் பின்னால் சாதா மோட், யு.பி.எஸ். மோட் என்று ஒரு சுவிட்ச் இருந்தது. மின்சாரம் நின்றதும் எஸ்.எம்.பி.எஸ். சுமார் 16, 17 மில்லி செகண்டுதான் தாக்குப்பிடிக்கும். சாதா மோடில் இன்வெர்ட்டர் மாறிக்கொள்ள அதைவிட நேரம் எடுக்கிறது. சுவிட்சை யு.பி.எஸ். மோடுக்குத் தள்ளினேன், ரீஸ்டார்ட் நின்றது. எஸ்.எம்.பி.எஸ். மேலேயே சந்தேகம் என்றால் தெரிந்தவரிடம் நல்லதாக ஒன்று வாங்கி இரண்டு நாள் மாட்டிப் பாருங்கள். 12 வோல்ட் லைனில் 11.4 முதல் 12.6 வரை இருக்கலாம் என்பது கணக்கு. ஆனால் சும்மா இருக்கும்போது மல்டிமீட்டர் சரியாகக் காட்டிவிட்டு, வேலை ஏறும்போது வோல்டேஜ் இறங்குவதும் உண்டு.

இன்னொன்று. விண்டோஸ் நடந்ததைக் குறித்துவைக்கும் ஈவன்ட் வியூவரில் ‘கெர்னல் பவர் 41’ என்று இருந்தால் உடனே எஸ்.எம்.பி.எஸ். போச்சு என்று சொல்லிவிடுகிறார்கள். முறையாக ஷட் டவுன் ஆகாமல் மறுபடி எழுந்தது என்பது மட்டுமே அதற்குப் பொருள். அதற்குள்ளே ‘பக்செக் கோட்’ என்று ஒரு எண் இருக்கும். பூஜ்யம் என்றால் நீலத்திரை எதுவும் பதிவாகவில்லை, கரண்ட், சூடு பக்கம் போகலாம். 26 என்றால் மெமரி மேனேஜ்மென்ட், 292 என்றால் ஹார்டுவேர் பிழை.

நீலத்திரையில் ஒவ்வொரு முறையும் ஒரே பெயர் வந்தால் பெரும்பாலும் டிரைவர். முறைக்கு ஒரு பெயர் வந்தால் ரேமைச் சந்தேகப்படுவேன். விண்டோஸுக்குள் இருக்கும் மெமரி டயக்னாஸ்டிக் சீக்கிரம் முடியும், ஆனால் அதில் பாஸ் ஆனதால் ரேம் நல்லது என்று சொல்லிவிட முடியாது. மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை சாப்ட்வேரைப் பென்டிரைவிலிருந்து ராத்திரி ஓடவிட்டுத் தூங்குங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த ரேம் வேண்டாம். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றைக் கழற்றிவிட்டு ஒன்றில் ஓட்டிப் பார்ப்பது இதைவிட எளிது. அழிரப்பரால் தேய்ப்பது அழுக்குப் படிந்த முனைக்கு மட்டும் பலிக்கும். மெதுவாக, ஒரே ஒரு முறை.

இத்தனைக்கும் பிறகு சாப்ட்வேரா ஹார்டுவேரா என்று குழப்பம் தீரவில்லையா? அப்போதும் பார்மேட்டைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. விண்டோஸுக்குப் பதிலாக ஓடக்கூடிய லினக்ஸ் மின்ட்டை ஒரு 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல் அப்படியே இரண்டு சாயங்காலம் ஓட்டிப் பாருங்கள். அதிலும் அணைந்தால் குற்றம் விண்டோஸ் மேல் இல்லை, பார்மேட் காசு மிச்சம். அணையாவிட்டால் டிரைவர், வைரஸ் அல்லது டிஸ்க். டிஸ்க்கை அந்தச் சோதனை தொடுவதில்லை என்பதால் டிஸ்க்கின் நலம் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ சாப்ட்வேரில் தனியாகப் பார்க்க வேண்டும். அது ‘காஷன்’ என்று மஞ்சள் காட்டினால் முதல் வேலை பைல்களை வெளியே எடுப்பது. சாகப்போகும் டிஸ்க்கில் பார்மேட் அடிப்பது எல்லாவற்றிலும் மோசமான வழி.

டிஸ்க் நன்றாக இருந்து, விண்டோஸைப் பழைய நிலைக்குத் திருப்பும் சிஸ்டம் ரீஸ்டோரும் பலிக்காவிட்டால், பார்மேட் அடியுங்கள். அதற்கான இடம் அதுதான்.

புதிது வாங்குவது? விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது, அதனால் பழசைத் தூக்கிப் போடச் சொல்கிறார்கள். பாதுகாப்புக்காக மாற நினைத்தால் அது நியாயமான காரணம். அணைவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மாமா வீட்டில் கம்ப்யூட்டரை இப்போது தறிக்குடோன் சுவரிலிருந்து எதிர் அறைக்கு மாற்றி, தரையில் இருந்ததை ஸ்டூல் மேல் ஏற்றியாகிவிட்டது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று வந்து ஊரையே புழுதியாக்கிய நாட்களில்கூட ஒரு தடவையும் அணையவில்லை. காதுகுத்து போட்டோவை அத்தை சொந்தக்காரர்களின் போன்களிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார். போன வாரம் வரை 31 சேர்ந்திருக்கிறது.