2019 சிஸ்டத்தை இன்னும் ஓட்டுகிறேன்: எந்தப் பாகத்தில் காசு போட்டேன், எதில் போடவில்லை

2019-ல் வாங்கியபோது என் கேமிங் கம்ப்யூட்டரில் இருந்தவை: ரைசன் 5 2600 பிராசசர், பி450 மதர்போர்டு, ஒற்றை 8 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு, 1 டிபி ஹார்ட் டிஸ்க், 60 ஹெர்ட்ஸ் மானிட்டர், அப்புறம் கேபினட்டோடு சேர்த்துக் கொடுத்த பெயர் தெரியாத ஒரு எஸ்எம்பிஎஸ் (எல்லாப் பாகத்துக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டி). இன்று அதில் மிச்சமிருப்பது மதர்போர்டும் கேபினட்டும்தான். மொத்தமாகப் புதுசு வாங்கும் அளவுக்குக் கையில் காசு ஒரே நேரத்தில் சேர்ந்ததே இல்லை. போனஸ் வந்தால் ஒன்று, சீட்டு எடுத்தால் ஒன்று என்று மாற்றிக்கொண்டே வந்தேன். எதை முதலில் மாற்றுவது என்பதை யூடியூப்பையோ கடைக்காரரையோ கேட்டு முடிவு செய்யவில்லை, நான் ஆடும் கேமையே கேட்டேன்.

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்பது கார்டும் பிராசசரும் எவ்வளவு உழைக்கின்றன என்று காட்டும் மென்பொருள். இலவசம், எந்த கம்பெனி கார்டிலும் ஓடும். அதைப் போட்டு, எஃப்பிஎஸ்ஸுக்கு (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) வரம்பு கட்டும் விசிங்க்கையும் எஃப்பிஎஸ் கேப்பையும் அணைத்துவிட்டு, வழக்கமாக ஆடும் கேமை அரை மணி நேரம் ஆடிக்கொண்டே ஓரத்தில் ஓடும் எண்களைப் பார்த்தாலே போதும். கிராபிக்ஸ் கார்டு 97, 99 சதவீதத்திலேயே நின்றால் திணறுவது கார்டு. அது 60, 70-ல் சும்மா உட்கார்ந்திருக்க எஃப்பிஎஸ் மட்டும் ஏறவில்லை என்றால் பெரும்பாலும் பிராசசர். இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: பிராசசர் மொத்தமாக 40 சதவீதம்தான் என்று காட்டும், ஆனால் கேமின் முக்கிய வேலை முழுவதையும் ஒரே கோர் தூக்கிச் சுமந்துகொண்டிருக்கும். அதனால் ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். அப்படியும் எஃப்பிஎஸ் அசையாவிட்டால் கார்டுக்குக் காசு போட்டுப் பயனில்லை.

என் சிஸ்டத்தில் ஒவ்வொரு கேமும் ஒவ்வொரு பதில் சொன்னது. வாலரன்ட் ஆடினால் பிராசசர்தான் தடை, சைபர்பங்க் 2077 ஆடினால் கார்டு 99-லிருந்து இறங்கவே இல்லை. நான் அதிகம் ஆடுவது கதை உள்ள சிங்கிள் பிளேயர் கேம்கள், அதனால் கார்டுக்கு முதலிடம். நாள் முழுக்க வாலரன்ட் மட்டும் ஆடுபவர் என் வரிசையைக் காப்பி அடித்தால் காசு வீண்.

அதற்கு முன்பே மாற்றியவை எஸ்எஸ்டியும் ராமும். எஸ்எஸ்டி பற்றி எழுத ஒன்றும் இல்லை, இன்னும் ஹார்ட் டிஸ்க்கில் கேம் வைத்திருந்தால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள். சைபர்பங்க்கே 2023-ல் தன் குறைந்தபட்சத் தேவையை எஸ்எஸ்டி என்று ஆக்கிவிட்டது. ராம் விஷயம் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒற்றை 8 ஜிபி என்றால் ராம் ஒரே சேனலில்தான் ஓடும். ரைசனில் பிராசசரின் உள் இணைப்பின் வேகமே ராமின் வேகத்தோடு கட்டிப்போட்டது. ஜோடியாக இரண்டு 8 ஜிபி, 3200 வேகத்தில் வாங்கிப் போட்ட பிறகு சராசரி எஃப்பிஎஸ் ஏறியதைவிட, நடுநடுவே சட்டென்று நின்று நின்று போகும் அந்தத் திக்கல் போனதுதான் பெரிய நிம்மதி. ஆனால் மாட்டியதும் வேலை முடிந்துவிடாது. டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்து வேகம் என்ன காட்டுகிறது என்று பாருங்கள், 2133 அல்லது 2400 என்று இருந்தால் பயாஸில் (விண்டோஸ் கிளம்பும் முன் வரும் போர்டின் செட்டிங் திரை) போய், ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியை ஆன் செய்ய வேண்டும். வருடக்கணக்கில் 2133-லேயே ஓட்டும் நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள்.

கார்டு வாங்கியது 2023-ல், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில். கவர்ன்மென்ட் எஸ்டேட் மெட்ரோவில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். ஒரு கடையில் அண்ணன் கேட்டதுமே, "தம்பி, இந்த பழைய போர்டுல காசு போடாதீங்க, மொத்தமா மாத்திடுங்க" என்றார். மொத்தமாக மாற்றுவது என்றால் ஏஎம்டியின் புது சாக்கெட்டான ஏஎம்5. அதற்கு டிடிஆர்5 தவிர வேறு ராம் போடவே முடியாது, ஆகவே போர்டு, பிராசசர், ராம் மூன்றும் புதுசு, அப்படியும் கார்டு அதே பழைய 1650 என்றால் சைபர்பங்க்கில் என்ன மாறிவிடும்? பக்கத்துக் கடையில் குறைந்த விலைக்கு ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டைக் காட்டினார்கள். அதில் மெமரி 4 ஜிபி, அதோடு கார்டு போர்டோடு பேசும் பாதையான பிசிஐஇ லேன் நான்கே நான்கு. பிசிஐஇ 4.0 போர்டில் சமாளித்துவிடும், பி450 போன்ற 3.0 போர்டில் அந்தப் பாதை பாதியாகச் சுருங்கி நன்றாகவே அடி வாங்கும். ஆர்எக்ஸ் 6600-க்கு எட்டு லேன், 8 ஜிபி. 3.0-விலும் இழப்பு கொஞ்சம்தான். கிட்டத்தட்ட அதே விலைக்கு ஆர்டிஎக்ஸ் 3050-யும் கிடைத்தது, சாதாரணமாக கேம் ஆட அதைவிட 6600 வேகம். பிளெண்டர், வீடியோ எடிட்டிங் என்று வேலையும் சேர்ந்து இருப்பவர்கள் என்விடியா பக்கம் போவதில் நியாயம் உண்டு, எனக்கு அந்த வேலை இல்லை. 20 ஆயிரத்தை ஒட்டிய விலைக்கு 6600-ஐ வாங்கினேன், பில்லோடு. செகண்ட் ஹேண்டில் இன்னும் மலிவாகக் கிடைத்தது, ஆனால் கிரிப்டோ மைனிங்கில் ஓடியதா இல்லையா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கும் திறமை எனக்கு இல்லை.

எஸ்எம்பிஎஸ் செலவை யாரும் பட்ஜெட்டில் எழுதுவதில்லை. என் 1650-க்குத் தனி பவர் கேபிளே கிடையாது, ஸ்லாட் கொடுக்கும் 75 வாட்டிலேயே ஓடும். 6600-க்கு 132 வாட், 8 பின் கேபிள் ஒன்று வேண்டும். பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த கேபிளே இல்லை. பழைய வகை மோலெக்ஸ் பிளக்கிலிருந்து மின்சாரம் இழுக்கும் கன்வெர்ட்டரை ஒரு கடையில் இலவசமாகவே நீட்டினார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டு நல்ல பிராண்டில் 550 வாட் வாங்கினேன். பெட்டி மேல் இருக்கும் 80 பிளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டும்தான் சொல்லும், உள்ளே போட்டிருக்கும் சரக்கின் தரத்தை அல்ல, அதனால் வாரண்டி எத்தனை வருடம் என்று பாருங்கள். இன்னொன்று, வாடகை வீட்டில் கேபினட்டைத் தொட்டால் சுரீர் என்று ஷாக் அடித்தால் அது பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ்ஸின் குற்றம் இல்லை, சுவர் ப்ளக்கில் எர்த் இல்லை. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைச் சரி செய்த பிறகு கார்டு வாங்குங்கள்.

கார்டு வந்ததும் சைபர்பங்க் 1080பியில் ஹை செட்டிங்கில் சுகமாக ஓடியது, கூட்டம் நெரியும் சந்தைப் பகுதிகளில் மட்டும் எஃப்பிஎஸ் சரிந்தது. கேமிலேயே கூட்டத்தின் அடர்த்தியைக் குறைக்க ஒரு செட்டிங் உண்டு, அதைக் குறைத்ததும் ஏறியது, அதாவது இப்போது முறை பிராசசருடையது. வாலரன்டில் எதிர்பார்த்தபடியே ஒரு மாற்றமும் இல்லை. 2024-ல் ரைசன் 5 5600 போட்டேன். உள்ளேயே 96 எம்பி கேஷ் மெமரி உள்ள 5700எக்ஸ்3டி பிராசசர் அப்போது கடைகளில் இருந்தது, ஆனால் விலை வித்தியாசத்தில் ஒரு 165 ஹெர்ட்ஸ் மானிட்டருக்குப் பெரும்பங்கு வந்துவிடும். மானிட்டர் பக்கம் போனேன். 60 ஹெர்ட்ஸ் திரையில் 200 எஃப்பிஎஸ் வந்தாலும் கண்ணுக்குத் தெரிவது நொடிக்கு 60 படம்தானே. மாற்றியதும் விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் 165 என்று நாமே தேர்வு செய்ய வேண்டும், தானாக மாறும் என்று நம்பாதீர்கள்.

பிராசசரை வீட்டிலேயே மாற்றுபவர்களுக்கு: முதலில் பழைய பிராசசரிலேயே பயாஸை அப்டேட் செய்யுங்கள், இல்லாவிட்டால் பி450-ல் 5600 கிளம்பாமல் போகலாம். பராமரிப்பு மின்தடை அறிவிக்காத நாளாகப் பார்த்து, யுபிஎஸ்ஸில் வைத்துச் செய்யுங்கள், பாதியில் கரண்ட் போனால் போர்டே போய்விடலாம். அப்புறம் பி450 போன்ற ஏஎம்4 சாக்கெட் போர்டுகளில் பின்கள் பிராசசரின் அடியில் இருக்கின்றன. காய்ந்த தெர்மல் பேஸ்ட் பிடித்துக்கொண்டால் கூலரைத் தூக்கும்போது சாக்கெட் பூட்டியிருந்தாலும் பிராசசர் கூடவே பிடுங்கிக்கொண்டு வரும், பின் வளையும். கழற்றுவதற்கு முன் ஒரு கேமை ஓட்டி பேஸ்ட்டைச் சூடாக்குங்கள், அணைத்து ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, ஸ்க்ரூவை எடுத்ததும் நேராக இழுக்காமல் இடமும் வலமுமாகத் திருகி நெகிழ்த்தி எடுங்கள்.

வெயிலுக்குக் காசு செலவழிக்கவில்லை. மொட்டை மாடிக்குக் கீழே வீடு, கத்திரியில் அறையே கொதிக்கும், அந்தக் காற்றைத்தானே ஃபேன் உள்ளே இழுக்கிறது. எஃப்பிஎஸ்ஸை 90-ல் கட்டிப்போட்டு, கார்டைக் குறைந்த வோல்டேஜில் ஓடும்படி அண்டர்வோல்ட் செய்தேன், சூடும் சத்தமும் இறங்கின. முன்பக்க மூடியை ஏப்ரலில் கழற்றினால் மழை வரும்போதுதான் மாட்டுவேன். தூசி சேரும், ப்ளோவரால் ஊதிவிடலாம்.

2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொள்ள ராம் விலை எகிறியது, ஏஎம்5 யோசனையை அத்தோடு மூட்டை கட்டிவிட்டேன். புது கேம்கள் சிலவற்றில் கார்டின் 8 ஜிபி பத்தாமல் டெக்ஸ்சரை மீடியத்துக்கு இறக்க வேண்டியிருக்கிறது, அது இப்போதைக்கு எனக்கு உறுத்தவில்லை. அடுத்த செலவு யுபிஎஸ் பேட்டரி.